பழைய படம் இருந்தா கொண்டு வாங்க

டாக்டர்களில் இரண்டு வகை உண்டு என்று கலைமணி கண்டுபிடித்து வைத்திருந்தாள். ஒரு வகை, ஸ்கேன் படத்தைப் பார்ப்பார்கள், ஆளைப் பார்க்க மாட்டார்கள். இன்னொரு வகை, ஆளைப் பார்ப்பார்கள், ஆனால் படத்தைப் பார்க்காமல் படத்தோடு வந்த காகிதத்தை மட்டும் படிப்பார்கள். இந்த இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தால் பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும் விஷயம். அந்தப் பெஞ்சுதான் சேலத்திலும் கிடைக்கவில்லை, நாமக்கல்லிலும் கிடைக்கவில்லை. ஐப்பசியிலிருந்து மூன்று தடவை மலை இறங்கி ஏறியாகிவிட்டது. இறங்க எழுபது கொண்டை ஊசி வளைவு, ஏற எழுபது. எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும். எண்ணாவிட்டாலும் அவளுக்குச் சுற்றத்தான் செய்தது.

கலைமணிக்கு முப்பத்தாறு வயது. கொல்லிமலையில் வளப்பூர் நாடு என்கிற பகுதியில் ஓட்டு வீடு, வீட்டை ஒட்டி ஒன்றரை ஏக்கர். அதில் சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி, மேட்டில் சாமை, ஓரத்தில் குச்சிக்கிழங்கு. புருஷன் தனபால், மாமியார் அத்தாயி, நாமக்கல்லில் விடுதியில் தங்கிப் பன்னிரண்டாவது படிக்கிற மகள் சுமித்ரா. இவ்வளவுதான் குடும்பம். மிளகு பறிப்பில் கலைமணியை மிஞ்ச அந்தப் பக்கம் ஆள் இல்லை. ஒற்றை மூங்கில் ஏணியில், இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு அவள் ஏறினால், கீழே நின்று பார்க்கிறவர்களுக்குக் கழுத்து வலித்துவிடும். அதெல்லாம் நோய் வருவதற்கு முன்னால்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்கழிக் காலையில் எழுந்து வாசலுக்கு வந்தவள், பனி இறங்கியிருக்கிறது என்று நினைத்தாள். கொல்லிமலையில் மார்கழியில் பனி இறங்குவது ஒரு செய்தியா? ஒன்பது மணிக்கு வெயில் வந்தது, ஊருக்கெல்லாம் பனி விலகியது, கலைமணிக்கு வலது கண்ணில் மட்டும் விலகவில்லை. மூன்று நாள் அதைப் பனி என்றே நினைத்துக்கொண்டு வேலை செய்தாள். நாலாம் நாள் இடது கண்ணில் தூசி விழுந்து அதை மூடியபோதுதான் உலகமே வெள்ளையாகப் போயிருந்தது தெரிந்தது.

சேலத்தில் தலையையும் கழுத்தையும் படம் எடுத்தார்கள். ஐந்து நாள் மருந்து ஏற்றினார்கள். கண் முக்கால்வாசி திரும்பியது. நோய்க்குப் பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார் நரம்பு டாக்டர். வாயில் நுழையாததால் வீட்டில் எல்லோரும் எம்.எஸ். என்று சுருக்கிக்கொண்டார்கள். கரண்டு வயருக்கு மேல் ரப்பர் உறை இருப்பதுபோல நரம்புக்கும் ஓர் உறை உண்டாம். அவள் உடம்பே அந்த உறையை அங்கங்கே அரித்துத் தின்கிறதாம். அரித்த இடம் படத்தில் வெள்ளைப் பொட்டாகத் தெரியுமாம். காலையும் மாலையும் ஒரு மாத்திரை. தின்றால் முகம் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரியும், அரை மணியில் அடங்கிவிடும். எரிந்தால் எரியட்டும் என்று தின்றாள். இரண்டரை வருஷம் ஒரு குறையும் இல்லை.

இந்த வருஷம் இடது கால் பேச்சுக் கேட்காமல் போக ஆரம்பித்தது. செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், அவள் வெறுங்காலோடு நடந்துகொண்டிருப்பாள். இடது கையில் எடுத்த சொம்பு நழுவும். சேலத்து டாக்டர் நல்ல மனுஷன், விளக்கமாகவே சொன்னார். படத்தில் புதுப் பொட்டு வந்திருந்தால் மாத்திரை தோற்றுவிட்டது என்று அர்த்தம். ஆறு மாசத்துக்கு ஒருமுறை ஏற்றுகிற பலமான மருந்துக்கு மாறியாக வேண்டும், அதுவும் சீக்கிரமாக, ஏனென்றால் செத்த நரம்பு திரும்பி வராது. புதுப் பொட்டு இல்லையென்றால், பழைய புண்தான் சூட்டுக்குத் தலைகாட்டுகிறது. அப்படியானால் அந்த மருந்தைத் தொடக்கூடாது, அது உடம்பின் காவலையே குறைத்துவிடும். ஆக, கலைமணியின் கால் முழுக்க ஒரே கேள்வியில் வந்து நின்றது. பொட்டு புதுசா, பழசா?

கேள்வி சின்னதுதான். பதில் சொல்லத்தான் ஆள் இல்லை.

ஐப்பசியில் நாமக்கல்லில் புதுப் படம் எடுத்தார்கள். அதோடு வந்த காகிதத்தை சுமித்ரா வாங்கி, விடுதியிலிருந்து போனில் படித்துச் சொன்னாள். பொட்டுகள் பல இருக்கின்றன, முந்தைய படம் கிடைக்காததால் ஒப்பிட முடியவில்லை, சில புதிதாக இருக்கவும் வாய்ப்பு உண்டு, நோயாளியின் நிலையோடு பொருத்தி மருத்துவர் முடிவு செய்யவும். கலைமணி அதைத் தூக்கிக்கொண்டு சேலம் போனாள். அவளைச் சோதிப்பதற்கு டாக்டர் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. காரவள்ளி தாண்டிக் கீழே வந்தாலே அடிவாரத்துச் சூட்டில் அவள் கால் ஈரச் சாக்காகக் கனத்துவிடும். அதைப் பார்த்துவிட்டு, இது வெயிலாகவும் இருக்கலாம் என்றார். படம் பார்க்கிறவர் தெளிவாகச் சொல்ல வேண்டாமா, அவரைக் கேளுங்கள் என்றார். நாமக்கல்லுக்குத் திரும்பி வந்து ஸ்கேன் சென்டர் ஜன்னலில் கேட்டால், ரிப்போர்ட்டில் எழுதியதுதான், உங்கள் டாக்டரைப் பாருங்கள் என்றார்கள். இவரைக் கேட்டால் அவரைக் கை காட்டுகிறார், அவரைக் கேட்டால் இவரை. நடுவில் மாட்டிக்கொண்ட மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி.

அன்றைக்கே தனபால், சேலம் எதற்கு, பக்கத்திலேயே கேட்போம் என்று நாமக்கல்லில் இன்னொரு டாக்டரிடம் கூட்டிப்போனான். அவர் காகிதத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பெரிதாக ஒன்றும் இல்லை, மனசில் கவலை அதிகம், நன்றாகத் தூங்கச் சொல்லுங்கள் என்றார். அதையும் கலைமணியிடம் சொல்லவில்லை, தனபாலிடம் சொன்னார். அவள் அங்கே நாற்காலியில் உட்கார்ந்துதான் இருந்தாள்.

அன்றிலிருந்து தனபாலுக்கு 'ஒண்ணுமில்லையாம்' என்பது ஊறுகாய் மாதிரி ஆகிவிட்டது. எந்தப் பேச்சுக்கும் தொட்டுக்கொள்வான். பஸ்ஸில் யாராவது கேட்டால், ஒண்ணுமில்லையாம். ரேஷன் கடையில் கேட்டால், ஒண்ணுமில்லையாம். அவன் கெட்டவன் இல்லை. குடித்துவிட்டு வந்து கை நீட்டுகிறவன் இல்லை. அவள் காலைப் பிடித்துவிடக் கூச்சப்படாதவன். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் கலைமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நோய் வந்ததைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். கூடப் படுத்து எழுகிறவன் நம்பவில்லையே என்பதைப் பொறுக்க முடியவில்லை.

கார்த்திகையில் மறுபடியும் சேலம். டாக்டர் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு சொன்னார்.

"புதுப் படத்தை மட்டும் வெச்சுக்கிட்டு நான் எதையும் சொல்ல முடியாதும்மா. மூணு வருஷத்துக்கு முன்னால எடுத்தது உங்ககிட்டதானே இருக்கு? பழைய படம் இருந்தா கொண்டு வாங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தான் எது புதுசுன்னு தெரியும்."

"இருக்குதுங்க. பத்தரமா வெச்சிருக்கறனுங்க" என்றாள் கலைமணி. அந்த நாலு மாசத்தில் அவள் முகம் மலர்ந்தது அப்போதுதான்.

பத்திரமாகத்தான் வைத்திருந்தாள். அந்த மலையில் ஆடியிலிருந்து கார்த்திகை வரை மழையும் மூட்டமும். சுவரில் கை வைத்தால் கை நனையும். பெட்டியில் வைத்த துணி பூத்துப்போகும். அதனால் கெடக்கூடாத எதுவும் அடுப்புக்கு மேலே இருக்கிற பரணுக்குத்தான் போகும். விதைச் சாமை, விதை அவரை, பானைக்குள் சுருட்டிய நிலப் பட்டா. அடுப்புப் புகையும் சூடும் பட்டால் பூச்சி அண்டாது, பூஞ்சை பிடிக்காது. தலைக்குள் எடுத்த படத்தைவிடப் பத்திரமாக வைக்க வேண்டியது என்ன இருக்கிறது? மூன்று வருஷத்துக்கு முன்னால் சேலத்திலிருந்து வந்த அன்றே அதைத் துணியில் சுற்றி, விதைப் பானைக்குப் பக்கத்தில் கலைமணி தன் கையாலேயே ஏற்றியிருந்தாள்.

தனபால் ஏறி இறக்கிக் கொடுத்தான். உறையிலிருந்து உருவினாள். வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஒன்றும் தெரியவில்லை. திருப்பிப் பிடித்தாள். மூன்று ஷீட்டும் ஓரத்திலிருந்து ஓரம்வரை கறுப்பு. மூளையும் இல்லை, கழுத்தும் இல்லை, பொட்டும் இல்லை.

அத்தாயி வந்து எட்டிப் பார்த்தாள். "ஏஞ்சாமி, இதுதான் உம்பட தலையைப் படம் புடிச்சதா? சட்டி அடியாட்டமல்ல இருக்குது."

கலைமணி நாமக்கல் ஸ்கேன் சென்டரில் மிஷின் ஓட்டுகிற நசீபாவுக்குப் போன் போட்டாள். நசீபா வேறு யாரோ இல்லை. சேந்தமங்கலத்தில் இவர்கள் வழக்கமாக மிளகு போடுகிற மண்டிக்காரர் பீர் முகமது பாயின் மகள். ஐப்பசியில் படம் எடுத்தபோது மிஷினுக்குள் போகப் பயந்த கலைமணியின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கோங்க அக்கா, தகர டப்பாவில் கல் போட்டு ஆட்டுகிற சத்தம் வரும், அவ்வளவுதான் என்று சொன்னவள். இப்போது அவள், படத்தை எங்கே வைத்திருந்தீர்கள் என்றுதான் முதலில் கேட்டாள். அந்த ஃபிலிம் சூடு பட்டால் கறுத்துவிடும் என்றாள். உறைமேலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கும் என்றாள். யாரைக் குற்றம் சொல்ல? இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவள் விடுதியில் இருக்கிறாள்.

நசீபாவே சேலத்தில் பழைய சென்டரிலும் விசாரித்துவிட்டு மறுபடி கூப்பிட்டாள். இரண்டு வருஷத்துக்குமேல் அவர்கள் எதையும் வைத்திருப்பதில்லையாம். ஆனால் ஃபிலிமோடு ஒரு சிடி கொடுத்திருப்பார்களாம். அதில் இதைவிடத் துல்லியமாக இருக்குமாம். கலைமணிக்கு ஞாபகம் வந்தது. வெள்ளை உறையில் ஒரு தட்டு இருந்தது. பாட்டுத் தட்டு மாதிரி இருக்கிறதே என்று டிவிப் பெட்டிக்கு அடியில் மற்ற தட்டுகளோடு வைத்தாள். அதுதான் படம் என்று யார் சொன்னார்கள்? ஓடிப்போய்ப் பார்த்தாள். ஓடி என்றால், சுவரைப் பிடித்துக்கொண்டு. டிவிக்கு அடியில் ஒரு தட்டும் இல்லை, பல்லி முட்டைதான் இருந்தது.

சாயந்திரம் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். சாமைச் சோறும் அவரைக் குழம்பும் ஆறிக்கொண்டிருந்தன. கறுத்துப்போன ஃபிலிமை அடுப்பிலேயே போடலாமா என்று வந்தது. தனபால் பக்கத்தில் குந்தினான்.

"உடு கலை. அந்த நாமக்கல் டாக்டருதான் ஒண்ணுமில்லைன்னுட்டாரே. நல்லதைச் சொன்ன வாயை நம்பிக்கிட்டுப் போவமே."

"ஏனுங்க, ஒண்ணுமில்லீனா இந்தக் காலு ஆரோடதுங்க?"

தனபால் தட்டத்தில் சோற்றைப் போட்டு அவள் பக்கம் நகர்த்தினான். அவள் தொடவில்லை. அவனும் தொடவில்லை. அத்தாயி மட்டும், சோறு என்ன பாவம் பண்ணிச்சு என்று கேட்டுவிட்டு இருவர் பங்குக்கும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

மறுநாள் சாமை அறுப்பு. காட்டு வேலைக்கு வீடு மாற்றி ஆள் வருவது அங்கே முறை. இன்றைக்கு நம் காட்டில், நாளைக்கு அவர்கள் காட்டில். ஆறு பெண்கள் வரிசை பிடித்து அறுத்துக்கொண்டே மேலேறினார்கள். கலைமணியால் குனிந்து அறுக்க முடியாது. வரப்பில் உட்கார்ந்து, அறுத்துப் போட்ட தாளைச் சேர்த்துக் கட்டினாள். வலது கையால் இழுத்து, இடது கையைச் சும்மா தாளின்மேல் பாரமாக வைத்துக்கொண்டால் கட்டு நின்றது. அம்சவேணி என்கிற பக்கத்துக் காட்டுக்காரி, உக்காந்த இடத்துல வேலை, உனக்கு யோகம்தான் என்றாள். கேலியா, சும்மாச் சொன்னதா என்று தெரியவில்லை. கலைமணி சிரித்து வைத்தாள்.

பனி விலகி வெயில் அடித்தது. காட்டுக்குக் குறுக்கே கட்டிய கயிற்றில் ஏதோ பளீரென்று அடித்துக் கண்ணைக் கூசச் செய்தது. கலைமணி கையால் மறைத்துப் பார்த்தாள். ஐந்து தட்டுகள் கயிற்றில் சுற்றிச் சுற்றி ஆடின.

"ஏனுங்கத்தே, அந்தத் தட்டெல்லாம் எங்கிருந்து எடுத்தீங்க?"

"டிவிக்கடியில கெடந்துது கண்ணு. பாட்டுத் தட்டு. இப்ப ஆரு அதையெல்லாம் போட்டுக் கேக்கறா? குருவி தாங்கல, மூணு வாரத்துக்கு முன்னால எடுத்துக் கட்டுனேன். அதுல வெள்ளக் கவர்ல ஒண்ணு இருந்துது பாரு, அது மின்னுன மின்னுக்கு ஒரு குருவி கிட்ட வரோணுமே."

கலைமணிக்குச் சிரிப்பு வந்தது. மூன்று வாரமாக அவள் மூளையைப் பார்த்துக் குருவிகள் பயந்து ஓடியிருக்கின்றன. இத்தனை டாக்டர்களுக்குப் பிடிபடாதது குருவிக்குப் பிடிபட்டிருக்கிறது. அவள் வரப்பில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்ததைப் பார்த்து, நோய் தலைக்கே ஏறிவிட்டது என்று அத்தாயி பயந்துபோனாள். விஷயம் தெரிந்ததும் அவளே அரிவாளோடு ஓடி ஐந்து தட்டையும் அறுத்து எடுத்தாள். எது அந்தத் தட்டு என்று அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. மேலே எழுதியிருந்த பெயரை மழை கழுவிவிட்டிருந்தது. ஐந்தையும் சேலை முந்தானையில் துடைத்துத் துடைத்துக் கொடுத்தாள். "நான் எழுத்தறியாத முண்டம் சாமி" என்று அவள் சொன்னபோது கலைமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தானும் படத்தைச் சுட்டவள்தானே.

நாலாவது தடவையாக மலை இறங்கினார்கள். தனபால் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தான். ஐந்து தட்டையும் பழைய சேலைத் துணியில் மடித்துக் கலைமணி மடியிலேயே வைத்திருந்தாள். கிடைக்காமல் போனால்? கிடைத்தும் உள்ளே இருக்கிற படம் அழிந்து போயிருந்தால்? ஒவ்வொரு வளைவிலும் ஒரு பயம் வந்தது. காரவள்ளி வந்ததும் வழக்கம்போலக் கால் கனத்தது.

நாமக்கல் சென்டருக்குப் படம் பார்க்கிற டாக்டர் நாலு மணிக்கு மேல்தான் வருவாராம். உள்ளே ஒரு அறையில் உட்கார்ந்து படங்களைப் பார்த்து ரிப்போர்ட் சொல்லிவிட்டுப் போவார், நோயாளிகளைப் பார்க்கிற வழக்கம் இல்லை. நசீபா ஐந்து தட்டையும் வாங்கிக்கொண்டாள். முதல் தட்டில் சினிமாப் பாட்டு. இரண்டாவதில் யாரோ ஒரு குழந்தைக்குக் காது குத்தினார்கள், அது வீறிட்டு அழுதது. மூன்றாவது திறக்கவே இல்லை. நாலாவதைப் போட்டு நசீபா வெகுநேரம் காத்திருந்தாள். மிஷின் கரகரவென்று இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது.

"அக்கா" என்றாள் நசீபா. "உங்க பேரு வருது."

உள்ளே போய் அவள் என்ன சொன்னாளோ, பத்து நிமிஷம் கழித்துக் கதவைத் திறந்து இருவரையும் கூப்பிட்டாள். அறையில் விளக்கு இல்லை, இரண்டு பெரிய திரைகளின் வெளிச்சம்தான். ஏசி மலைக்குளிர் குளிர்ந்தது. அதுவே கலைமணியின் காலுக்கு இதமாக இருந்தது. ஸ்வெட்டர் போட்ட ஐம்பது வயது டாக்டர், தலையைத் திருப்பாமல், உட்காருங்கம்மா என்றார். ஒரு திரையில் பழையது, ஒரு திரையில் புதியது. இரண்டையும் ஒரே நேரத்தில் மேலிருந்து கீழாக உருட்டிக்கொண்டே வந்தார். சாம்பல் நிறத்தில் பூப்பூவாக அவள் மூளை விரிந்து விரிந்து சுருங்கியது. பிறகு கழுத்துக்கு வந்தார். நின்றார். பின்னால் போனார். மறுபடி முன்னால் வந்தார்.

"எந்தக் கால் வரலை?" என்று கேட்டார். அப்போதுதான் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"இடதுங்க. கையும் கொஞ்சம்."

அவர் பேனா முனையால் திரையைத் தொட்டார். "பழசுல இந்த இடம் சுத்தமா இருக்கு, பாத்தீங்களா? புதுசுல வெள்ளையா ஒண்ணு தெரியுதே, இது கழுத்துத் தண்டுவடம். தலையில இன்னொண்ணு, இது சின்னது. ரெண்டுமே புதுசும்மா. சந்தேகமே இல்லை. உங்க கால் இதனாலதான்."

கலைமணி அந்தப் பொட்டைப் பார்த்தாள். அரிசிமணி அளவு இருக்கும். அதைப் பார்த்து அழ வேண்டும். ஆனால் முதலில் வந்தது வேறு. நெஞ்சில் கிடந்த பாறையை யாரோ புரட்டிப் போட்டதுபோல இருந்தது. "அப்போ எங்காலு பொய் சொல்லலீங்க" என்றாள். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. மாத்திரை தோற்றுவிட்டது, போன நரம்பு போனதுதான் என்பதெல்லாம் அதற்குப் பின்னால் ஒவ்வொன்றாக உறைத்தது.

டாக்டர் சங்கடத்தோடு சொன்னார். "தப்பு எம்பேர்லயும் இருக்கு. கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். ஆனா படம் எடுக்க வந்தப்ப நீங்க குடுத்த ஃபாரத்துல காலைப் பத்தி ஒரு எழுத்துகூட இல்லையேம்மா. பழைய கண் நோவு, இப்போது தொந்தரவு எதுவும் இல்லைன்னு இருக்கு. கால் வரலைன்னு ஒரு வரி இருந்திருந்தா, பழைய படம் இல்லாமலே இந்தப் பொட்டு மேல எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்."

அந்த ஃபாரத்தை நசீபா எடுத்துக் காட்டினாள். எழுத்து தனபாலுடையது. மிஷினை நினைத்துப் பயந்திருந்த கலைமணிக்கு எழுத ஓடவில்லை என்று அவன்தான் அன்றைக்கு நிரப்பினான்.

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எதிரில் நிற்பது யாருக்கும் கஷ்டம். இரண்டு மாசம் அவளை மலையில் ஏற்றி இறக்கியது சேலமும் நாமக்கல்லும் மட்டும் இல்லை, இந்த ஆளும்தான். "எதுக்குங்க?" என்று கேட்டாள்.

தனபால் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றான். அவர்கள் கொடிக்காலில் ஒரு வழக்கம் உண்டு. மிளகுக் கொடி ஒன்று வாட ஆரம்பித்தால், வாடிவிட்டது என்று யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். சொன்னால் பக்கத்துக் கொடி கேட்டுவிடும் என்பார்கள். பார்த்தவன் பேசாமல் போய்ச் சாம்பல் அள்ளி வந்து தூரில் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதவன் மாதிரி அடுத்த வேலைக்குப் போவான். தனபாலின் அப்பன் அப்படித்தான், தனபாலும் அப்படித்தான்.

"கொடி வாடுனா வாயில சொல்ல மாட்டமுங்க" என்றான் அவன், டாக்டரைப் பார்த்து. அவளைப் பார்க்க முடியாமல்தான். "சொன்னா மத்ததுக்கும் தொத்திக்கும்பாங்க. இவளுக்குக் காலு போவுதுன்னு எங்கையால எழுதுனா, அது நெலையா நின்னு போயிருமோன்னு பயந்துட்டேனுங்க. எழுதாமயே இருந்தா, தானா சரியாப் போயிரும்னு நெனச்சுட்டேனுங்க."

இந்தப் பாழாய்ப்போன வழக்கத்தைக் கொண்டுபோய் என்ன செய்ய? கலைமணிக்குக் கோபம் தணியவில்லை. அவன் முகத்தில் அறையலாம் போலவும் இருந்தது, அந்தத் துண்டை வாங்கி அவன் கண்ணைத் துடைக்கலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

டாக்டர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். பழைய ரிப்போர்ட்டை ரத்து செய்துவிட்டுப் புதிதாக எழுதித் தருகிறேன், இன்றைக்கே உங்கள் டாக்டரிடம் போனில் பேசிவிடுகிறேன், அடுத்த வாரமே அந்த மருந்தை ஏற்ற ஆரம்பிக்க வேண்டும் என்றார். அதற்கு முன்னால், எப்போது ஆரம்பித்தது, எப்படி ஆரம்பித்தது, ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்றார்.

கலைமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆவணி மாசம் பொறந்து ஒரு வாரம் இருக்குமுங்க..."

"ஆவணி இல்லீங்க" என்றான் தனபால். "ஆடிப் பதினெட்டுக்கு மறுநாளுங்க. வெடியக்கால, தண்ணிக் கொடத்தை எடுத்துட்டு வாரப்ப வாசப்படியில முட்டிக்கிட்டா. இவளுக்கு அது கணக்குலயே இல்ல, கல்லு இடறுச்சுன்னு நெனச்சா. கல்லு இல்லீங்க, நான் போயிப் பாத்தேன். அப்புறம் அந்த வெள்ளிக்கெழம, மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனவ, எடது செருப்பு இல்லாம வந்தா. நாந்தேன் எடுத்துட்டு வந்து வாசல்ல போட்டேன். ஆவணி நாலாந்தேதி கொடிக்கால்ல ஏணிக்கிட்ட நின்னு பாத்துட்டு, ஏறாம திரும்பி வந்துட்டா. ஏழாந்தேதி அடுப்படியில வுழுந்தா. பத்தாந்தேதி சுமித்ராவோட போன்ல பேசிக்கிட்டே நின்னவ அப்பிடியே குந்திட்டா, புள்ளைகிட்ட ஒண்ணும் சொல்லல..."

டாக்டர் எழுதிக்கொண்டே வந்தார். தனபால் நிறுத்தவில்லை. புரட்டாசிக்கு வந்தான், ஐப்பசிக்கு வந்தான். நாளும் கிழமையும் இடமும் சொன்னான். எந்தப் பக்கம் சாய்ந்தாள், எதைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், யாராவது பார்த்துவிட்டார்களா என்று எந்தத் திசையில் திரும்பிப் பார்த்தாள் என்பதுவரை சொன்னான். அவள் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துச் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்த இடத்திலெல்லாம், ஏதோ ஒரு மரத்துக்குப் பின்னால், ஏதோ ஒரு வரப்புக்கு அந்தப் பக்கம், இவன் நின்றிருக்கிறான்.

"மொத்தம் எத்தனை தடவை விழுந்திருப்பாங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"பதினொரு தடவைங்க" என்றான் தனபால்.

கலைமணி ஏழுதான் எண்ணி வைத்திருந்தாள்.